முயலுக்கு மட்டுமே குரல் கொடுக்கும் நாய்கள்

கதவைக் கொஞ்சம் சாத்திக்கிடட்டுமா சார்? வெளிய வேப்பமரத்தடியில ரெண்டு நாயைப் பிடிச்சுக்கிட்டு மீசையை நீவிக்கிட்டு நிக்கான் பாருங்க, அவன் காதுல விழக்கூடாது. என் மச்சினன் அவன். உச்சிமாகாளின்னு பேரு. வீட்டுக்காரிகூடப் பொறந்த தம்பி. நான் இப்ப சொல்லப்போறதை நீங்க கேட்டா நான் வீட்டுக்குப் போயிரலாம். அவன் கேட்டா நான் வீட்டுக்கே போக முடியாது. அம்புட்டுதான் சார் விஷயம்.

சாத்தியாச்சு. தாப்பா விழமாட்டேங்கு. சரி, இருக்கட்டும், மெதுவாப் பேசுதேன்.

என் பேரு பால்வண்ணன். ஊரு பனையடிப்பட்டி. மாவு மில்லு வச்சிருக்கேன். பால்வண்ணன் மில்லு கறிமசால்னா சுத்துப்பட்டுல தெரியாத ஆளு கெடையாது. கலியாணமா, காதுகுத்தா, கோயில் கொடையா, மொளகா வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையா நம்ம மில்லுலதான் வந்து எறங்கும். நான் அரைச்சுக் குடுக்கிற பொடி விழுந்தாத்தான் கொழம்பு கொழம்பா இருக்கும்னு சமைக்க வார தவசிப்பிள்ளைகளே சொல்லுவாக. அதை விடுங்க. மில்லைப் பத்திப் பேச என்னை பாரஸ்ட் ஜீப்புல ஏத்திட்டு வரலை நீங்க. வேட்டையைப் பத்திக் கேக்கீங்க.

வேட்டைன்னா வேட்டை இல்ல சார். பேனாவைக் கீழ வைங்க. முதல்ல கேளுங்க, பொறவு எழுதலாம்.

போன்ல நீங்க காட்டுத படத்துல இருக்கது நான்தான். என் ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கது என் நாய்கதான். கையில தொங்குதது முயல்தான். எதையும் நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா படத்துல பாக்கதெல்லாம் நடந்ததுன்னு ஆயிருமா? எங்க கலியாண ஆல்பத்துல என் வீட்டுக்காரி என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கா.

இது எங்க ஆரம்பிச்சதுன்னா, ஒரு கப்புல சார். குடிக்கிற கப்பு இல்ல, பரிசுக் கப்பு. உச்சிமாகாளி சிப்பிப்பாறை நாய் வளக்கான். ஒல்லியா, நெட்டையா, வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கும். அது ஓட்டப் பந்தயத்துல ஓடிக் கப்பு வாங்கிருக்கு. அந்தக் கப்பை என் மாமனார் வீட்டு முன்ரூம்புல டி.வி. மேல வச்சிருக்கான். நான் விருந்துக்குப் போனா எனக்கு எலை போடுதது அந்தக் கப்புக்கு நேர் எதிர்ல. சோத்தைப் பாத்துச் சாப்பிடுததா, கப்பைப் பாத்துச் சாப்பிடுததா?

போன கொடைக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருக்கோம். வீடு நெறைய ஆளு. என் சகலைதான் பேச்சை ஆரம்பிச்சது. பால்வண்ணன் அண்ணாச்சியும் ஒரு நாய் வளக்கலாம்லான்னு சொன்னாரு. உச்சிமாகாளி சொல்லுதான், "எங்க அத்தானைச் சாதாரணமா நெனைக்காதீங்க. கையில எது சிக்குனாலும் பொடியாக்கிருவாரு. என்ன ஒண்ணு, எதாச்சும் சிக்கணும்லா?"

வீடே சிரிக்கு. மாமனார் சிரிக்காரு. பந்தியில மோர் ஊத்திக்கிட்டிருந்த ஆளு சிரிச்சதுல மோரு என் எலைக்கு வெளிய போகுது. என் வீட்டுக்காரி ஆவுடையம்மாவும் சிரிச்சா சார். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பொத்திட்டா சிரிப்பு இல்லைன்னு ஆயிருமா? எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். நாய் வாங்கணும். அவன் வச்சிருக்கத விட ஒசந்த நாய் வாங்கணும். போனை எடுத்துத் தேடுதேன், தேடுதேன், அப்பத்தான் இந்தச் சாதி கண்ணுல பட்டுது. பீகிள். வெள்ளைக்காரன் முயல் வேட்டைக்குன்னே வளக்கிற நாய். சிப்பிப்பாறை கண்ணால பாத்து வெரட்டும். முயல் பொதருக்குள்ள பூந்துட்டா முழிச்சுக்கிட்டு நிக்கும். பீகிளுக்குக் கண்ணே தேவையில்லை சார், எல்லாம் மூக்கு. முயல் எப்பவோ போன தடத்தை மண்ணுல மோந்துக்கிட்டே போகும். வாசனை கெடைச்சுட்டுன்னா கழுத்தைத் தூக்கி ஒரு குரல் குடுக்கும் பாருங்க, அது கொரைப்பும் இல்ல, ஊளையும் இல்ல. நாதசுரக்காரர் சீவாளியை வாயில வச்சுச் சரிபாக்கும்போது ஒரு சத்தம் வரும்லா, அந்த மாதிரி.

மதுரையில ஒரு பல் டாக்டர் வீட்டுல குட்டி போட்டிருக்குன்னாக. போய் ரெண்டு எடுத்துட்டு வந்தேன். காது தரையைக் கூட்டுது, காலு தரையில இருக்கா இல்லையான்னே தெரியலை. ஜமீன், திவான்னு பேரு வச்சேன். உச்சிமாகாளி பாக்க வந்தான். குனிஞ்சு பாத்தான். ஒரு குட்டியைத் தூக்கி அடியில பாத்தான். "அத்தான், காலு பின்னால தனிப் பார்சல்ல வருதோ?" அப்படின்னான். பதிலை நாய் சொல்லும்னு இருந்துட்டேன்.

பழக்குத முறை இருக்கு பாருங்க, அதைச் சொல்லுதேன். நீங்களும் பாரஸ்ட் ரேஞ்சர், தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுதான். போன்ல ஒரு வெள்ளைக்காரன் வீடியோ போட்டிருக்கான். அவன் பேசுதது எனக்குப் புரியாது. ஆனா அவன் கை புரியும்லா? முயல் தோலை ஒரு கயித்துல கட்டணும். புல்லுல தரதரன்னு இழுத்துக்கிட்டே போகணும். கோணல்மாணலா இழுக்கணும், முயல் நேரா ஓடாதுலா. கடைசில ஒரு எடத்துல தோலை ஒளிச்சு வச்சிரணும். பொறவு குட்டியை அவுத்து விட்டா, அது மோந்துக்கிட்டே வந்து கண்டுபிடிக்கும். கண்டுபிடிச்சதும் ஒரு துண்டு கறி குடுக்கணும். அம்புட்டுதான் படிப்பு.

முயல் தோலுக்கு எங்க போக? காட்டு முயலைத் தொட்டாக் கேசுன்னு எனக்குத் தெரியும் சார், சட்டம் தெரியாத ஆளு இல்ல நான். திருவேங்கடம் ரோட்டுல ஒருத்தர் முயல் பண்ணை வச்சிருக்காரு. கறிக்கு வளக்காரு. அவர்கிட்ட ஒரு தோல் வாங்கி, உப்புப் போட்டுக் காய வச்சேன். காய வச்சாச்சு, எங்க வைக்க? வெளிய வச்சா எலி தூக்கிட்டுப் போயிரும். பெட்டியில வச்சா பூச்சி அரிச்சிரும். இங்கதான் சார் மில்லுக்காரன் மூளை வேலை செஞ்சது. கறிமசால் மூட்டைக்குள்ள பொதைச்சு வச்சிட்டேன். வத்தல், மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி இத்தனையும் இருக்க எடத்துல எந்தப் பூச்சி கிட்ட வரும்? தெனமும் காலையில மூட்டையில இருந்து எடுத்து, ஒரு தட்டுத் தட்டிட்டு, தண்ணி வத்துன கொளத்துக்குள்ள இழுத்துட்டுப் போவேன். பயிற்சி முடிஞ்சா மறுபடியும் மூட்டைக்குள்ள. அந்த வெள்ளைக்காரனுக்கு இந்த யோசனை வருமா? வராது. அவன்கிட்ட மில்லு இல்லை.

பரிசுக் கறிக்கும் ஒரு முறை வச்சேன். வெறும் ஈரலை வேக வச்சுக் குடுத்தா நாய்க்கு ருசிக்காதுன்னு கொஞ்சம் மசால் பெரட்டி வதக்கச் சொன்னேன். ஆவுடையம்மா அடுப்புல நின்னுக்கிட்டே கேக்கா, "ஏங்க, முயலு மசால் பூசிக்கிட்டா காட்டுல திரியும்?"

பொம்பளைக்கு வேட்டையைப் பத்தி என்ன தெரியும் சொல்லுங்க. ஈரல் தீயுது, அதைப் பாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

குட்டிக படிச்ச வேகம் இருக்கே! ஒண்ணு ரெண்டு மாசத்துல தோலை எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சுக்கிடும். கெணத்துப் படியில ஒளிச்சேன், கண்டுபிடிச்சுட்டு. வைக்கப்படப்புக்குள்ள சொருகுனேன், படப்பையே சரிச்சுட்டு. மில்லுக்குள்ள விட்டாப் போதும், நாலு சொவரையும் பாத்துக் குரல் குடுக்கும். மிசினைப் பாத்துக் குடுக்கும். சாக்கைப் பாத்துக் குடுக்கும். என் சட்டையைப் பாத்துக்கூடக் குடுக்கும். எங்க மில்லுக்குள்ள எத்தனை முயல் வந்து போயிருக்குன்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.

ஒருநாள் கீழத்தெரு சண்முகக்கனி மசால் அரைச்சுட்டுத் தூக்குச்சட்டியில வாங்கிட்டுப் போனா. ஜமீனும் திவானும் குரல் குடுத்துக்கிட்டே அவ வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு. வாசல்லயே உக்காந்துட்டு, எந்திரிக்கமாட்டேங்கு. அந்தக் குடும்பத்து மேல எனக்கு அன்னையிலருந்தே ஒரு சந்தேகம். வெளிய பாத்தா சைவமா இருக்காக. ஒண்ணும் சொல்ல முடியாதுலா.

இல்ல சார், காட்டு முயலை நாய் பாத்ததே இல்லையான்னா, பாத்திருக்கு. ஒரே ஒரு தடவை. மறைக்காமச் சொல்லிருதேன். பருத்திக்காட்டு வழியா நடத்திக்கிட்டுப் போறேன், காலடியில இருந்து குபீர்னு ஒரு முயல் எந்திரிச்சுட்டு. எந்திரிச்சது ஓடலை. நாயைப் பாக்குது. நாய் அதைப் பாக்குது. ஜமீன் ஒரு கொட்டாவி விட்டான். திவான் உக்காந்து காதைச் சொறிஞ்சான். முயல் கொஞ்ச நேரம் நின்னுட்டு, இது வேலைக்காவாதுன்னு அதுபாட்டுக்குப் போயிட்டு.

மத்தவனா இருந்தா நாய் சரியில்லைன்னு நெனைச்சிருப்பான். நான் யோசிச்சுப் பாத்தேன். நாங்க பழக்குனது எப்படி? தடம் போட்டு, மோந்து, முறைப்படி வந்து கண்டுபிடிக்கணும்னு. தடமும் இல்லாம, முறையும் இல்லாம, எதிர்ல வந்து நிக்கிற முயலை அது எதுக்குச் சட்டை பண்ணணும்? அது ஒழுக்கம் சார். ஒழுக்கமான நாய்.

அப்படிப்பட்ட நாயை ஊருக்குக் காட்டணும்லா? ஒரு நாயித்துக்கெழமை உச்சிமாகாளியையும் அவன் கூட்டாளிகளையும் வரச்சொன்னேன். பிடிக்கதுக்கு இல்ல சார். மோந்து குரல் குடுக்கும், அவ்வளவுதான், பிடிக்க விடமாட்டேன்னு முன்னாலயே சொல்லிட்டேன். இதை வேணா நீங்க எழுதிக்கிடலாம். மக்காச்சோளம் அறுத்த காட்டுல ரெண்டு நாயையும் அவுத்து விட்டேன். தரையை மோந்துச்சு. ஒண்ணும் இல்லை. உச்சிமாகாளி மீசையை நீவுதான். அந்த நேரம் பாத்து கெழக்க இருந்து ஒரு காத்து அடிச்சுது.

ஜமீன் கழுத்தைத் தூக்குனான். திவான் தூக்குனான். குடுத்தாங்க பாருங்க குரலு! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. கெழக்க பாத்து ஓட்டம். நாங்க பின்னால ஓடுதோம். ஓடையைத் தாண்டி, சூரியகாந்தித் தோட்டத்தைத் தாண்டி, வேலியைப் பிச்சுக்கிட்டு ஓடுதோம். உச்சிமாகாளி மூச்சு வாங்கிக்கிட்டே, "அத்தான், நெசமாவே தடம் பிடிச்சுட்டுத்தான்!" அப்படிங்கான். என் வாழ்க்கையில அவன் என்னைப் பாத்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஓடிப்போய் எங்க நின்னுதுன்னா, பக்கத்து ஊர்ல தங்கப்பழம் அண்ணாச்சி பேத்திக்குக் காதுகுத்து. பந்தல் போட்டு, கெடா வெட்டி, அண்டாவுல கொழம்பு கொதிக்கு. ரெண்டும் பந்திக்குள்ள பூந்து, எலையை மிதிச்சு, அண்டாவைச் சுத்திச் சுத்திக் குரல் குடுக்கு. தவசிப்பிள்ளை கரண்டியோட வெரட்டுதாரு. திவான் சாடுனதுல கறிச்சட்டி ஒண்ணு கவுந்துபோச்சு. பொம்பளைகள்லாம் கத்துதாக. காது குத்துன பிள்ளை காதுவலியை மறந்துட்டு நாயைப் பாத்துக் கைதட்டுது.

எனக்குப் பாத்ததுமே விளங்கிட்டு. முயல் பந்தலுக்குள்ள நொழைஞ்சு, கூட்டத்துக்குள்ள பூந்து, கொல்லை வழியா வெளியேறிருக்கு. கொழம்பு மணத்துல தடம் கலைஞ்சுபோச்சு. எந்த நாயா இருந்தாலும் அந்த எடத்துல தெகைக்கத்தான் செய்யும். இதை நான் எடுத்துச் சொல்லுதேன், ஒருத்தரும் கேக்கலை. தவசிப்பிள்ளை மட்டும் பக்கத்துல வந்து, "அண்ணாச்சி, எல்லாம் உங்க மசால் போட்ட கொழம்பு. மணம் ஊரைத் தூக்குதுலா, நாய் என்ன செய்யும்" அப்படின்னாரு. அந்தக் கலவரத்துலயும் என் மசாலைப் பாராட்டணும்னு அவருக்குத் தோணிருக்கு பாருங்க. நல்ல மனுசன்.

உச்சிமாகாளி நின்னு சிரிக்கலை சார். தரையில உக்காந்து சிரிச்சான். சிரிச்சு முடிச்சு எந்திரிச்சு, என் மொகத்தைப் பாத்துட்டு மறுபடியும் உக்காந்துட்டான்.

அதுலருந்து என் நாய்க்குப் பேரு பந்தி நாய். டீக்கடையைத் தாண்டிப் போக முடியலை. "அத்தான், வெள்ளிக்கெழமை வள்ளியூர்ல ஒரு கலியாணம், உங்க நாய்க்குப் பத்திரிகை வந்துச்சா?" அப்படிங்கான். மில்லுக்கு வாரவன் எல்லாம் வத்தலை எறக்கும் முன்னாடி நாயைப் பாத்துச் சிரிச்சுக்கிடுதான். நான் சோறு தண்ணி இல்லாமப் படுத்துட்டேன் சார். என்னைச் சொன்னாக்கூடப் பொறுத்துக்கிடுவேன். அந்த வாயில்லாச் சீவனுக முயலைத் தவிர வேற எதுக்காச்சும் ஒரு நாள் குரல் குடுத்திருக்குமா? அதுகளைப் போய்ப் பந்தி நாய்ங்கான்.

அந்த வேதனையில செஞ்சதுதான் சார் இந்தப் படம்.

பண்ணைக்காரர்கிட்ட போனேன். காட்டு முயல் நெறத்துல ஒண்ணு குடுங்கன்னேன். மண்ணு நெறத்துல ஒண்ணைப் பிடிச்சுக் குடுத்தாரு. அதைப் பருத்திக்காட்டுக்குக் கொண்டுபோயி, ரெண்டு பக்கமும் நாயை உக்கார வச்சு, முயலைத் தூக்கிப் பிடிச்சு எடுத்த படம் அது. செத்துத் தொங்குதுன்னுதானே நெனைச்சீங்க? நல்லாப் பாருங்க, கண்ணு தெறந்திருக்கும். அதுக்குச் சோம்பல். எப்படித் தூக்குனாலும் அப்படியே தொங்கும். எடது காதுல பண்ணைக்காரர் நம்பரு பச்சை குத்திருக்காரு. அந்தக் காதைத்தான் நான் கையால பொத்திப் பிடிச்சிருக்கேன். பெருசாக்கிப் பாருங்க, கட்டைவெரலுக்குப் பக்கத்துல ஒரு ஏழு தெரியும். ஆங், அதுதான்.

இப்பவும் அது வீட்டுல உசிரோடதான் இருக்கு. வாங்க, காட்டுதேன். ஆவுடையம்மா அதுக்குச் சீனின்னு பேரு வச்சு அகத்திக்கீரை போட்டு வளக்கா. ராத்திரி அது ஜமீன் வயித்துலதான் தலைய வச்சுத் தூங்குது. நான் ஜமீனைத் தப்பாச் சொல்லமாட்டேன். எதிரியைப் பக்கத்துலயே வச்சு அதோட பழக்கவழக்கத்தைப் படிக்கான்.

படத்தை ஸ்டேட்டஸ்ல போட்டேன். "முதல் வேட்டை"ன்னு ரெண்டே வார்த்தை. ஊரு வாயை அடைச்சுட்டு சார். அன்னைக்குச் சாயங்காலமே உச்சிமாகாளி வந்தான். வாசல்ல நின்னான். உள்ள வரலை. "அத்தான், நான் பேசுனதை மனசுல வச்சுக்கிடாதீங்க. எனக்கு நாயும் தெரியலை, மனுசனும் தெரியலை" அப்படின்னான். நெசமாச் சொல்லுதேன், எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கலியாணம் ஆன நாள்லருந்து அந்த வீட்டுல நான் மாவு ஒட்டுன சட்டைக்காரன். அன்னைக்குத்தான் மருமகன் ஆனேன். போன மாசம் விருந்துக்குப் போறோம், டி.வி. மேல அந்தக் கப்பைக் காணோம். அதை ஓரமா அலமாரியில வச்சிட்டு, இந்தப் படத்தைப் பிரேம் போட்டு வச்சிருக்கான். மாமனார் எனக்குத்தான் முதல் எலை போடச் சொன்னாரு. ஆவுடையம்மாவுக்கு விஷயம் தெரியும். படத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, ரெண்டு கரண்டி கறி கூடப் போட்டா.

அதோட விட்டிருக்கலாம் அவன். பெருமை தாங்கலை பாருங்க, எங்க அத்தான் வேட்டைன்னு சொல்லி நாய் வளக்கிறவங்க குரூப்பு ஒண்ணு விடாம அனுப்பிருக்கான். அதுல ஒண்ணுல இருந்துதான் உங்க கைக்கு வந்திருக்கு. காலையில உங்க ஜீப்பு வந்து என்னை ஏத்துது, ஊரே ரோட்டுல நிக்கு. பயந்துபோய் நிக்கலை சார், மரியாதையா நிக்கு. நாயையும் கொண்டு வரணும்னு உங்க ஆளுக சொன்னதும், "நான் கொண்டு வாரேன்"னு உச்சிமாகாளிதான் குட்டியானை வண்டியில ரெண்டையும் ஏத்திக்கிட்டுப் பின்னாலயே வந்தான். வழியில வண்டியை நிப்பாட்டுன எடத்துலெல்லாம், "எங்க அத்தான்மேல வேட்டைக் கேசு" அப்படின்னு சொல்லிச் சொல்லிக்கிட்டு வாரான். கலெக்டர் ஆயிட்டேன்னு சொன்னாக்கூட இப்படிச் சொல்லமாட்டான்.

இதுதான் சார் முழுசும். முயல் பண்ணை முயல். நாய் ஒண்ணையும் பிடிக்கலை. நான் குத்தவாளி இல்லை.

அப்படியா சார்? எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாமா? ரொம்ப சந்தோசம். பண்ணைக்காரர்கிட்ட போன்ல கேட்டுக்கிடுதீங்களா, கேட்டுக்கிடுங்க. நீங்க சிரிக்கீங்க, பரவாயில்ல, சிரிங்க. அதிகாரி சிரிச்சா நமக்கு நல்லதுதான். குடுங்க பேனாவை.

சாட்சிக் கையெழுத்தா? போடச்சொல்லுங்க, உங்க ஆபீஸ்ல எத்தனை பேர் இருக்காக.

அவனா? உச்சிமாகாளியா?

சார், வேற யாரையாச்சும் வச்சுக்கிடுவோம் சார். எதிர்க்க டீக்கடைக்காரர் இருக்காரு, நல்ல மாதிரியா தெரியுதாரு. படத்தைப் பரப்புன ஆளே படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணுமா? அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், நேரமாகும் சார். இல்லை, பொய் சொல்லலை, படிப்பான். படிச்சிருவான். படிச்சுட்டு மறுபடியும் தரையில உக்காந்திருவான் சார்.

வேற வழியே இல்லையா? இல்லைன்னா கேசா? கோர்ட்டா? ம். சரி. கொஞ்சம் தண்ணி குடுங்க. எழுதுதேன். அந்தக் கப்பு மறுபடியும் டி.வி. மேல ஏறட்டும். நான் மில்லுலயே சாப்பிட்டுக்கிடுதேன்.

"பனையடிப்பட்டி பால்வண்ணன் ஆகிய நான்..." யாரு அது? உங்க வாச்சரா? உங்களுக்குச் சாப்பாடா, வைங்க வைங்க. யப்பா, மணம் தூக்குதே! என் மசால் மாதிரி இருக்கு. என்னது, என் மில்லுலதான் வாங்குனதா? போன வாரம் இவர்தான் வந்து வாங்கிட்டுப் போனாரா? ரொம்ப சந்தோசம் சார். வீட்டுல கேட்டதாச் சொல்லுங்க. கதவைச் சாத்திட்டுப் போப்பா. சாத்துனாலும் அது நிக்காது, தாப்பா கெட்டுப்போய்க் கெடக்கு.

எங்க விட்டேன்? "ஆகிய நான், மேற்படி முயலைப் பண்ணையில..."

சார். கேக்குதா?

கேக்குதா சார் அந்தக் குரலு? ஜமீன் குடுக்கான். இந்தா, திவானும் குடுத்துட்டான். ஏய், மாப்ள, கயித்தை விடாத, விட்டுட்டானே! பயப்படாதீங்க சார், கடிக்காது. காலைத் தூக்கி மேல வச்சுக்கிடுங்க. ஜமீன், இங்க வா. திவான், மேசை மேல ஏறாத. எங்க போகுது? உங்க டிபன் கேரியருக்கா போகுது?

பாருங்க சார். அங்க இங்க திரும்பலை பாருங்க. பீரோ இருக்கு, பைலு இருக்கு, வாச்சர் நிக்காரு, எதையும் மோக்கலை. நேரா டிபன் கேரியர். மேலடுக்கை விட்டுட்டு நடு அடுக்கைத் தொட்டுக் காட்டுது. குரல் குடுத்துக்கிட்டே இருக்கு.

உச்சிமாகாளி வாசல்ல வந்து நின்னுட்டான். அவன் மொகத்தைப் பாருங்க. நாயைப் பாக்கான், கேரியரைப் பாக்கான், ஒதடு கோணுது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் சார். காதுகுத்து வீட்டுல பாத்த அதே சிரிப்பு. இப்ப உக்காந்திருவான்.

மாப்ள, சிரிக்காத. பொறு. சார், அந்த நடு அடுக்குல என்ன இருக்கு?

ஆட்டுக்கறியா? எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாக. தங்கப்பழம் அண்ணாச்சியும் கெடாக்கறின்னுதான் சொன்னாரு. சண்முகக்கனி வீட்டுல சைவம்னு சொல்லுதாக. இப்ப எனக்கு எல்லாம் வெளங்குது. சார், இந்த நாய்க பொறந்ததுலருந்து முயலைத் தவிர எதுக்கும் இந்தக் குரல் குடுத்ததில்லை. நான் பழக்குன நாய். மனுசன் பொய் சொல்லுவான், நான்கூட இப்பத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். நாய் சொல்லாது.

மசாலா? ஆமா, என் மசால்தான், அதை இப்ப எதுக்கு இழுக்கீங்க? நல்ல மசால்தான், நானே சொன்னேன். அதை விடுங்க சார். விஷயத்துக்கு வாங்க. முயல் எங்க கெடைச்சுது உங்களுக்கு?

கோவப்படாதீங்க. அந்தத் தாளைக் குடுங்க, இது வேண்டாம். வேற தாள் குடுங்க. நான் சொல்லுதேன், நீங்களே எழுதுங்க. பனையடிப்பட்டி பால்வண்ணன் ஆகிய நான் முயல் வேட்டையாடியது நெசம். இந்த ரெண்டு நாயும்தான் பிடிச்சுது. பண்ணை, பச்சை குத்துன நம்பரு எல்லாம் பயத்துல சொன்ன பொய். போடுங்க கேசை. எத்தனை வருசம் வேணாலும் போடுங்க. ஆனா அதுக்குக் கீழ இதையும் எழுதணும். ரேஞ்சர் சாப்பாட்டுலயும் முயல் இருந்துச்சு, அதைக் கண்டுபிடிச்சதும் இதே நாய்கதான். ரெண்டும் ஒரே தாள்ல இருக்கணும் சார், தனித்தனியா எழுதிரக்கூடாது.

மாப்ள, என்ன அங்கனயே நிக்க? கேட்டேல்லா? உள்ள வா. சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்.